நைரோபி வழியாக ஒரு நாள்

ஒரு பயணியை ஒரு நாள் முன்னதாக வீட்டில் கொண்டுவந்து சேர்க்க ஆசைப்பட்டு, ஐந்து நாள் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். விமான டிக்கெட் போடும் இந்தத் தொழிலில் என் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த சில காரியங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றைக் கேட்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் இதைச் சொல்கிறேன்.

ஆந்திரம் தனி மாநிலமாகித் தலைநகரம் கர்நூலுக்குப் போயிருந்த சமயம். எங்கள் கம்பெனி சென்னையில் இருந்தது. சித்தூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் சிலர் படிப்புக்கும் பயிற்சிக்கும் வெளிநாடு போக ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்காகச் சித்தூரில் ஒற்றை அறையில் ஒரு கிளை திறந்தார்கள். நான் கார்வேட்டிநகரத்துக்காரன். தமிழ், தெலுங்கு இரண்டும் வாயில் தடையில்லாமல் வரும் என்பதால் என்னை அங்கே உட்காரவைத்தார்கள். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், செங்கல் கனத்தில் விமான அட்டவணைப் புத்தகம், சுவரில் உலகப் படம். அதுதான் ஆபீஸ். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. விமானத்தை அருகில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எந்த விமானம் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

ரூத் கமலம் என்ற நர்ஸ் அம்மாளுக்கு நான் உலகத்தையே சுற்றிவரும் டிக்கெட் போட்டேன். சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அமெரிக்காவில் பத்து மாதப் பயிற்சி. திரும்பும் வழியில் லண்டனில் ஒரு மாதம். கிழக்கே கிளம்பி மேற்கிலிருந்து வந்து சேரும்படி நானே வழி அமைத்தேன். கல்கத்தா, பாங்காக், ஹாங்காங், டோக்கியோ, ஹொனலூலு, சான்பிரான்சிஸ்கோ, நியூயார்க், லண்டன், பம்பாய், சென்னை. எங்கள் கிளையிலிருந்து அப்படி ஒரு டிக்கெட் போனது அதுதான் முதல் தடவை.

அம்மை, காலரா ஊசிகள் போட்டுக்கொண்டதற்கான சர்டிபிகேட் புத்தகத்தை அவர் என்னிடம் காட்டினார். "மஞ்சள் காய்ச்சல் ஊசி வேணாமா?" என்று கேட்டார்.

"அது ஆப்பிரிக்கா போறவங்களுக்கும்மா. உங்க டிக்கெட்ல ஆப்பிரிக்காவே இல்ல" என்றேன்.

"போட்டுக்கினா நல்லதாச்சே."

"அதுக்கு வேற ஊருக்குப் போய், நாள் கேட்டுக் காத்துக்கினு கெடக்கணும். எதுக்கு வீண் அலைச்சல்?"

நான் சொன்னதில் தவறில்லை. அந்த டிக்கெட்டுக்கு அது சரியான பதில்தான்.

அவர் கணவர் தேவசகாயம் வருவாய்த் துறையில் சர்வேயர். எந்தக் கிராமம் எந்த மாநிலத்துக்கு என்று இரண்டு பக்கமும் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கமெல்லாம் பழைய எல்லைக் கற்களைத் தேடிச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. போகிற இடத்தில் தமிழ்க்காரர்கள் அவரைத் தெலுங்கர்களின் ஆள் என்பார்களாம். தெலுங்குக்காரர்கள் தமிழர்களின் ஆள் என்பார்களாம். மனைவியை வழியனுப்ப ஆபீஸுக்கு வந்தபோது அவரே சிரித்துக்கொண்டே சொன்னார். சுவரில் இருந்த உலகப் படத்தின் அருகே போய் நின்று, சான்பிரான்சிஸ்கோ வரைக்கும் சாணால் அளந்து பார்த்தார்.

பத்து மாதத்துக்கு மேல் கழித்து, ஒரு திங்கட்கிழமை நண்பகலில் தேவசகாயத்தின் தம்பி ஆபிரகாம் என் ஆபீஸுக்குள் ஓடிவந்தார். கங்காதர நெல்லூரில் கரும்புப் பயிர் வைத்திருந்தவர். வேட்டியெல்லாம் சேறு. வயலிலிருந்து நேரே வந்திருக்கிறார்.

"சார், எங்க அண்ணி இப்போ எந்த ஊர்ல கீது?"

"லண்டன்ல. இன்னும் மூணு வாரத்துல வந்துடுவாங்க. ஏன்?"

"மூணு வாரமெல்லாம் தாங்காது சார். அண்ணனுக்கு ரண ஜன்னி. வாய் பூட்டிக்கினுச்சு. உடம்பு வில்லாட்டம் வளையுது."

வரதய்யபாளையத்தில் புதருக்குள் கல் தேடும்போது ஒரு பழைய இரும்பு முளை காலில் ஏறியிருக்கிறது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மனைவி ஊரில் இருந்திருந்தால் அன்றைக்கே ரண ஜன்னிக்கான டெட்டனஸ் ஊசி போட்டிருப்பார். எட்டாம் நாள் தாடை இறுகிவிட, மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன்றாரு. சம்சாரத்த வரச்சொல்லுன்றாரு. அண்ணனுக்கு நெனப்பு நல்லா கீது சார். பல்லக் கடிச்சுக்கினே 'கமலம், கமலம்'னுது. ஒரு நாள் முந்தி வந்தாக்கூடப் போதும் சார்."

சென்னைக்கு டிரங்க் கால் போட்டேன். ஒரு மணி நேரத்தில் லைன் கிடைத்தது. தலைமை ஆபீஸ் குமாஸ்தா விசாரித்துவிட்டுச் சொன்னார்: லண்டனிலிருந்து பம்பாய்க்கு நேராக வரும் விமானங்களில் வியாழக்கிழமை வரை இடமில்லை. வியாழன் புறப்பட்டால் வெள்ளி மாலை பம்பாய், சனி காலை சென்னை. அங்கிருந்து கார் வைத்தால் சனி மதியம் மூன்று மணிக்குச் சித்தூர்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா?"

"நாளைக்கு நைரோபி போற விமானத்துல ஒரு இடம் இருக்கு. புதன் சாயந்திரம் நைரோபி. ராத்திரி அங்க தங்கி, வியாழன் காலையில பம்பாய் விமானம். அன்னைக்கு ராத்திரியே பம்பாய்ல இருப்பாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க ஊர்ல."

என் கண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. வெள்ளி, சனிக்கு முந்திய நாள். ஆபிரகாம் கேட்ட அந்த ஒரு நாள்.

"அதையே போட்டுடுங்க."

குமாஸ்தா தயங்கினார். "மானேஜர் சாப்பிடப் போயிருக்கார். அரை மணியில வந்துடுவார். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லட்டுமா?"

"அதுக்குள்ள இடம் போயிடும் சார். நான் பொறுப்பு. போடுங்க."

போட்டார். லண்டனுக்குத் தந்தி பறந்தது. ஆபிரகாம் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கையிலும் சேறு ஒட்டியது. அன்றைக்கு நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் கழிந்தது. வெள்ளி காலையில் சென்னையிலிருந்து போன் வந்தது. பேசியவர் மானேஜர். அவர் கோபக்காரர், ஆனால் அன்று சத்தமே போடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நைரோபி விமானம் வழியில எங்கெங்க இறங்குதுன்னு பார்த்தியா?"

அட்டவணையைத் திறந்தேன். ரோம், கார்ட்டூம், என்டெபி, நைரோபி. கார்ட்டூமும் என்டெபியும் மஞ்சள் காய்ச்சல் உள்ள பகுதிகள்.

மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுவது. அந்தக் கொசு நம் நாட்டில் ஏராளம். நோய்தான் இன்னும் வரவில்லை. நோயுள்ள ஒருவர் வந்து இறங்கி, நம் ஊர்க் கொசு அவரைக் கடித்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஆப்பிரிக்காவின் அந்தப் பகுதிகளில் இறங்கிவரும் பயணி ஊசி சர்டிபிகேட் காட்டாவிட்டால், பம்பாயில் ஆறு நாள் கொசுவலை அடித்த வார்டில் தனியாக வைப்பார்கள். ராஜாவாக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. இந்த விதி எனக்குத் தெரியாதா? மனப்பாடமாகத் தெரியும். ரூத் அம்மாளுக்கே நான்தான் விளக்கம் சொன்னேன். திங்கட்கிழமை மட்டும் அது என் தலையில் இல்லை.

"அந்த அம்மாவ இறக்கி வார்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. புதன்கிழமைதான் விடுவாங்க" என்றார் மானேஜர். "நான் இங்க பேசிப் பார்க்கறேன். பலன் இருக்காது. நீ அவங்க வீட்டுல போய்ச் சொல்லு."

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஜில்லா சுகாதார அதிகாரியிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதி மன சேதுல்லோ லேதய்யா" என்றார். நம் கையில் இல்லை. கர்நூலுக்கு எழுதினாலும் இல்லை, சென்னைக்கு எழுதினாலும் இல்லை, டெல்லியே நினைத்தாலும் ஆறு நாள் ஆறு நாள்தான் என்றார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். திருவிழாக் காலத்தில் மலைக்குப் போகிறவர்களிடம் காலரா ஊசிச் சீட்டுக் கேட்பார்கள். ஊசி போடாமலேயே சீட்டு மட்டும் எழுதிக் கொடுக்கும் ஆள் ஒருவன் பஸ் நிலையத்தின் பின்பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவனைத் தேடிப் பிடித்தேன். மஞ்சள் காய்ச்சல் சர்டிபிகேட்டை அவன் கண்ணால் பார்த்ததில்லை. நான்தான் மாதிரி எழுதிக் காட்டினேன். தேதியை ஒரு வருடம் முன்னதாகப் போடச் சொன்னேன். ரப்பர் ஸ்டாம்ப் செய்து மறுநாள் காலையில் தருகிறேன் என்றான். வீட்டில் மறந்துவைத்துவிட்டார் என்று சொல்லி விமானத் தபாலில் பம்பாய்க்கு அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு. ஒரு தவறு செய்தவனுக்கு இரண்டாவது தவறு எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள்.

சனிக்கிழமை காலை திருப்பதிக்குக் கிளம்பும்போது, மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. பம்பாயிலிருந்து டிரங்க் கால். ரூத் அம்மாள் என்னோடு பேச வேண்டுமாம். வார்டில் இருந்த மேட்ரன், இவரும் நர்ஸ் என்பதால் போனைக் கொடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் வந்தது. நான் முந்திக்கொண்டேன். "அம்மா, திங்கட்கிழமைக்குள்ள சர்டிபிகேட் ஒண்ணு வந்துடும். வீட்டுல மறந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

 அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"நான் ஊசி போட்டுக்கலன்னு இறங்கினப்பவே சொல்லிட்டேன் சார். சொல்லாம இருந்திருந்தாலும் பொய்ச் சீட்டு காட்டிக்கினு வரமாட்டேன். நைரோபில என்னைக் கொசு கடிச்சுது. எத்தனை கடிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். நான் வந்து நிக்கப்போறது நம்ம ஆஸ்பத்திரி வார்டுல. நாப்பது பேர் படுத்திருக்கற எடம்."

திருப்பதிச் சீட்டை வாங்கப் போகும் எண்ணத்தை அங்கேயே விட்டேன்.

"அவருக்கு நெனவு இருக்குதா?"

"இருக்குதும்மா."

"தாடை?"

"திறக்கல."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்குது?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் விரல்களைக் காட்டினாள். நான் எண்ணிக்கையைச் சொன்னேன்.  அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

"நான் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்காங்களா?"

"இன்னைக்கு வந்துடுவாங்க, நாளைக்கு வந்துடுவாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

"அதை நிறுத்துங்க" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "ரண ஜன்னிக்காரங்களுக்குச் சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது. நான் வருவேன்னு அவரு கதவையே பார்த்துக்கினு இருப்பாரு. கதவு தொறக்கற ஒவ்வொரு தடவையும் நானான்னு மனசு பதறும். பதறினா இழுக்கும். நான் வரமாட்டேன்னு தெரிஞ்சா கொஞ்சமாவது அடங்கிக் கெடப்பாரு. உள்ள போய் நெசத்தச் சொல்லுங்க. மத்தவங்க சொல்லமாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

மூன்று நிமிடம் முடிந்து லைன் போயிற்று.

போனில் பேசியதை நர்ஸ் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆபிரகாம், அண்ணன் படுத்திருந்த அறை வாசலில் என்னை மறித்தார். என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே மனிதர்.

"இன்னா சார் சொல்லப்போற? வரமாட்டாங்கன்னா? அந்த ஆசையிலதான் மூச்சு ஓடிக்கினு கீது. அதையும் புடுங்கிடுவியா நீ?"

"அண்ணிதான் சொல்லச் சொன்னாங்க."

"அண்ணி அங்க கீது. இங்க பாத்துக்கினு இருக்கறது நானு."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நெடுநேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வியாதியைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர். பக்கத்தில் இருந்து பார்ப்பவர் ஒருவர். என்னுடைய பயம் இதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று யோசித்தேன். சொல்லாமல் போய்விட்டால் என் தவறும் வெளியே வராது. அது புரிந்ததும் எழுந்துவிட்டேன். ஆபிரகாம் என்னைத் தடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவை மெதுவாகத் திறந்தேன். கறுப்புத் துணியால் ஜன்னலை மூடியிருந்தார்கள். கீல் ஒரு சின்ன முனகல் முனகியது. அவ்வளவுக்கே கட்டிலில் அந்த உடம்பு மேலே எழும்பி வளைந்து நின்றது. குதிகாலும் தலையும்தான் படுக்கையில். நர்ஸ் ஓடிவந்தாள். அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அடங்கிய பிறகு அவர் கண் கதவிலிருந்து என் முகத்துக்கு வந்தது. நான் யாரென்று அடையாளம் தெரிந்தது. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

முழங்காலிட்டு அவர் காதருகே ரகசியம் போலச் சொன்னேன். "அம்மா பம்பாய் வந்துட்டாங்க. அங்கேயே நிறுத்தி வச்சிருக்காங்க. புதன்கிழமை வரைக்கும் விடமாட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நான் தப்பான விமானத்துல ஏத்திட்டேன்."

பூட்டிய பற்களுக்கு இடையிலிருந்து மூச்சுதான் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லானது.

"எவ்ளோ... தூரம்?"

"பம்பாயா? அறுநூறு மைல் இருக்கும்."

உலகத்தைச் சுற்றி மனைவி எங்கெங்கே இருக்கிறாள் என்று பத்து மாதமாக மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தவர் அவர்.

"கிட்டத்தான்" என்றார்.

பிறகு கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்தபோது வராந்தாக் கடிகாரம் மூன்று அடித்தது. சனிக்கிழமை மூன்று மணி. நேராக வரும் விமானத்தில் ஏற்றியிருந்தால் கார் அப்போது வாசலில் வந்து நின்றிருக்கும்.

அன்று சாயந்திரம் மானேஜரிடம் ஒன்று விசாரிக்கச் சொன்னேன். வியாழக்கிழமை விமானம் சரியான நேரத்துக்கு வந்ததா? பனியோ, எஞ்சின் கோளாறோ, ஏதாவது ஒன்றால் அது இரண்டு நாள் தாமதமாகியிருக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். பம்பாயில் கால் மணி முன்னதாகவே இறங்கியது என்று பதில் வந்தது.

இழுப்பு குறைந்திருப்பதாக ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் பெண் சொன்னாள். கதவு திறந்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லையாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இழுப்பு ஏதும் இல்லாமல், மூச்சு நின்றது. புதன் வரை உடலை வைத்திருக்க வசதி கிடையாது. சாயந்திரமே சபைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பம்பாய்க்குத் தந்தி கொடுத்தது நான்.

வியாழக்கிழமை ரூத் அம்மாள் வந்தார். காரிலிருந்து இறங்கி நேரே கல்லறைக்குப் போனாராம். நான் எதிரே போய் நிற்கவில்லை, தைரியம் இல்லை.

பத்து நாள் கழித்து அவரே ஆபீஸுக்கு வந்தார். வெள்ளைப் புடவை. நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"வேற விமானம் ஒண்ணு இருந்துச்சுன்னு மச்சினர் சொல்றாரு. அதுல வந்திருந்தா எப்போ வந்து சேந்திருப்பேன்?"

இந்தக் கேள்விக்காக நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த விமானம் தாமதம், அதில் வந்திருந்தாலும் முடிந்திருக்காது என்று. என் வேலைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் தயார் செய்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"சனிக்கிழமை மூணு மணிம்மா."

அவர் விரல்விட்டு எண்ணினார். சனி மாலை, ஞாயிறு முழுக்க, திங்கள் காலை. எண்ணி முடித்து, எழுந்து போனார். அதற்குப் பிறகு பல வருடங்கள் அதே ஊரில் இருந்தோம். என்னைக் கண்டால் தலையசைப்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

விமானம் எங்கே போகிறது என்பதைப் பயணியே பார்த்துக்கொள்வார். வழியில் எங்கெங்கே இறங்குகிறது என்று பார்ப்பது உங்கள் வேலை. அரை மணி காத்திருந்து ஒருவரைக் கேட்பதில் கௌரவம் குறையாது. இதெல்லாம் நான் சொல்லாவிட்டாலும் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். கற்றுக்கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. கட்டிலில் கிடந்தவரிடம் உண்மையைச் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அவர் மனைவியிடம் சொன்னது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. கிட்டத்தட்ட இரண்டு நாளான அந்த நேரத்தை அவர் எத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.